எய்லரான் இடது கொடுத்தால் மூக்கு வலது போகிறது, ஏன்?

கோத்தகிரி_காற்று

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் ரிமோட்டில் ஓட்டும் இரண்டு மீட்டர் இறக்கையுள்ள ஃபோம் கிளைடர் மாடல் ஒன்று இருக்கிறது. மோட்டார் கிடையாது. கிழக்குக் காற்று நன்றாக அடிக்கும் நாட்களில் ஊருக்கு மேலே உள்ள புல்சரிவில் நின்று வீசிவிடுவேன், சரிவில் மோதி ஏறும் காற்றிலேயே மிதக்கும். இதற்கு முன்பு வைத்திருந்த மாடலில் ரட்டரும் (வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகை) எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) மட்டும்தான். இதில் இறக்கையில் எய்லரானும் உண்டு.

சிக்கல் இதுதான். ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் கிளைடர் இடப்பக்கம் சாய்கிறது, சரி. ஆனால் மூக்கு முதலில் வலப்பக்கம் விலகிவிட்டு, அப்புறம்தான் மனசில்லாமல் இடப்பக்கம் வருகிறது. மெதுவாகப் பறக்கும்போது ரொம்ப மோசம். பலகைகளை அசைக்கும் சர்வோவின் இணைப்பு மாறியிருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. இடது எய்லரான் மேலே, வலது கீழே, சரியாகத்தான் அசைகிறது.

கூடவே ஒரு அடிப்படைக் கேள்வி. விமானத்தைத் திருப்புவது ரட்டர்தானே? என் பழைய மாடல் ரட்டரை வைத்தே அழகாகத் திரும்பியது. பிறகு எய்லரான் எதற்கு?

சில்வர்ஓக்

வலப்பக்கமோ இடப்பக்கமோ எங்கேயும் போகட்டும், என் உச்சிக் கிளையில் வந்து உட்காராமல் இருந்தால் போதும் :-)

பழைய_ஹேங்கர்

தம்பி, உங்கள் கிளைடரில் கோளாறு எதுவும் இல்லை. எல்லா விமானத்துக்கும் உள்ள குணம் இது. நீண்டு ஒல்லியான இறக்கை என்றால் பளிச்சென்று தெரியும். அட்வர்ஸ் யா, அதாவது எதிர்ப்பக்கத் திருப்பம், என்பார்கள்.

எய்லரான் என்பது இறக்கை நுனிப் பக்கம், பின்விளிம்பில் கீல் வைத்துப் பொருத்திய பலகை. அது கீழே மடங்கினால் அந்தப் பகுதியில் இறக்கையின் வளைவு கூடும், தூக்குவிசையும் கூடும். மேலே மடங்கினால் குறையும். நீங்கள் இடப்பக்கம் சாய வேண்டுமானால் வலது இறக்கை அதிகமாகத் தூக்க வேண்டும். தூக்குவிசை ஓசியில் வராது. அதிகமாகத் தூக்கும் இறக்கை அதிக இழுவையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். வலது இறக்கை மேலேயும் போகிறது, பின்னாலும் இழுபடுகிறது. மூக்கு வலப்பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஏறிக்கொண்டிருக்கும் இறக்கைக்குக் காற்று கொஞ்சம் மேலிருந்து வருவதாகப் படும். இறங்கும் இறக்கைக்குக் கீழிருந்து. தூக்குவிசை எப்போதும் எதிர்வரும் காற்றுக்குச் செங்குத்தாகவே இருக்கும் என்பதால், ஏறும் பக்கம் அது சற்றே பின்னோக்கிச் சாய்கிறது, இறங்கும் பக்கம் முன்னோக்கி. இரண்டும் கூட்டுச் சேர்ந்து மூக்கைத் தப்பான பக்கம் திருப்புகின்றன. மெதுவாகப் போகும்போது இறக்கை அதிகத் தாக்குகோணத்தில் (எதிர்வரும் காற்றோடு இறக்கை வைக்கும் கோணம்) இருக்கும், தூக்குவதற்காகக் கொடுக்கும் இழுவையும் அப்போது அதிகம். அதனால்தான் உங்களுக்கு மெதுவில் மோசமாகத் தெரிகிறது.

பெரிய விமானம் செய்கிறவர்கள் இதற்குச் சில வைத்தியம் வைத்திருக்கிறார்கள். செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எய்லரான் மேலே 20 டிகிரி போகும், கீழே 15 டிகிரிதான் இறங்கும். கீழே மடங்கும் பலகைதான் வில்லன், ஆகவே அதைக் குறைவாக அசைக்கிறார்கள். ஃப்ரைஸ் என்ற வகை எய்லரானில் பலகை மேலே போகும்போது அதன் முன்விளிம்பு இறக்கைக்கு அடியில் மூக்கை நீட்டும். அந்தப் பக்கமும் கொஞ்சம் இழுவை வரட்டும், கணக்குச் சரியாகட்டும் என்று.

பூம்பாறை_பூண்டு

ஹேங்கர் அண்ணே தத்துவத்தைச் சொல்லிவிட்டார், நான் கைவேலையைச் சொல்கிறேன். நாங்களும் கொடைக்கானல் பக்கம் தெற்குப் பார்த்த சரிவில் பறக்க விடுகிறவர்கள்தான்.

ஒவ்வொரு எய்லரானுக்கும் தனித்தனி சர்வோ, தனித்தனி சேனல் என்றால் வேலை சுலபம். டிரான்ஸ்மிட்டரில் டிஃபரன்ஷியல் என்று ஒரு அமைப்பு இருக்கும், மேலே போவது இரண்டு பங்கு, கீழே போவது ஒரு பங்கு என்று வைத்துத் தொடங்குங்கள். ஒரே சர்வோ நடுவில் இருந்து இரண்டையும் அசைக்கிறது என்றால் சர்வோ கையில் புஷ்ராட் (சர்வோவையும் பலகையையும் இணைக்கும் கம்பி) மாட்டும் துளையை நேர் கோட்டில் வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது புஷ்ராட் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மாட்டிவிட்டுக் கையில் பிடித்து அசைத்துப் பாருங்கள், மேலே அதிகம் போனால் சரி, கீழே அதிகம் போனால் மறுபக்கம் சாயுங்கள்.

அப்புறமும் மிச்சம் இருந்தால் எய்லரானோடு ரட்டரும் தானாக அசையும்படி டிரான்ஸ்மிட்டரில் மிக்ஸ் செய்யுங்கள். ஆனால் ஒன்று, மிக்ஸைப் போட்டுவிட்டு ரட்டர் ஸ்டிக்கை மறந்துவிடாதீர்கள். கை தானாகவே இரண்டையும் சேர்த்து அசைக்கப் பழகணும்.

ஜன்னல்_சீட்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் வாரம் தவறாமல் கோவையில் இருந்து விமானம் ஏறுகிற ஆள், பொறியியல் தெரியாது. கோத்தகிரிக்காரர் கேட்ட இரண்டாவது கேள்விதான் எனக்கும். கப்பலில் சுக்கான் திருப்புகிறது, விமானத்தில் ரட்டர் திருப்புகிறது. இதில் என்ன சந்தேகம்? வாலில் அவ்வளவு பெரிய பலகை வேறு எதற்கு?

பழைய_ஹேங்கர்

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஓடும் விமானத்தைத் திசை திருப்ப வேண்டுமானால் பக்கவாட்டில் ஒரு விசை வேண்டும். ரட்டரை மட்டும் மிதித்தால் மூக்கு திரும்பும், ஆனால் விமானம் பழைய திசையிலேயே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். உடலின் பக்கத்தில் காற்று மோதிக் கொஞ்சம் தள்ளும், அது அற்பம். விமானத்தில் இருப்பதிலேயே பெரிய விசை இறக்கையின் தூக்குவிசைதான், விமானத்தின் முழு எடையையும் சுமக்கிற விசை. அதைச் சாய்த்தால் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பிவிடும். அந்தப் பங்குதான் விமானத்தைத் திருப்புகிறது. கல்லட்டி இறக்கத்துக் கொண்டை ஊசி வளைவில் பைக்கைச் சாய்க்காமல் ஹேண்டில்பாரை மட்டும் திருப்பிப் பாருங்கள், வேண்டாம், பார்க்காதீர்கள்.

ஆக எய்லரான் சாய்க்கிறது, சாய்ந்த தூக்குவிசை திருப்புகிறது, ரட்டர் மூக்கை ஒழுங்காக அந்த வளைவோடு போக வைக்கிறது. மேலே பேசிய அட்வர்ஸ் யாவைச் சரிக்கட்டுவதும் அதன் வேலைதான். அப்புறம் அது பெரியதாக இருப்பதற்கு உண்மையான காரணங்கள்: இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றுபோனால் மற்றது மூக்கை ஒரு பக்கம் திருப்பும், அதை எதிர்க்க ரட்டர் வேண்டும். குறுக்குக் காற்றில் இறங்கும்போது மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவர ரட்டர் வேண்டும்.

சாய்ப்பதற்கு விலையும் உண்டு. தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போனால் எடையைத் தாங்க மிச்சம் குறையும், ஆகவே மொத்தத்தைக் கூட்ட வேண்டும். 30 டிகிரி சாய்வில் இறக்கை எடையைப் போல 1.15 மடங்கு தூக்க வேண்டும், 45-ல் 1.41 மடங்கு, 60-ல் இரண்டு மடங்கு. அதற்காகத்தான் திரும்பும்போது எலிவேட்டரைக் கொஞ்சம் இழுக்கிறோம். 60 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகமும் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை விட்டுவிடும் வேகம்) 41 சதவீதம் கூடிவிடும். மெதுவாக, தாழ்வாக, செங்குத்தாகச் சாய்ந்து திரும்பி விழுந்த விமானங்களின் பட்டியல் நீளமானது.

கோத்தகிரி_காற்று

அண்ணா, அப்படியென்றால் என் பழைய மாடலில் எய்லரானே இல்லையே, அது எப்படித் திரும்பியது?

டீச்சர்_கூடலூர்

நல்ல கேள்வி, இதற்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் பழைய மாடலின் இறக்கையை முன்னாலிருந்து பார்த்தால் நுனிகள் மேலே தூக்கியிருந்திருக்கும், சரிதானா? அதுதான் சூத்திரம். ரட்டரால் மூக்கை இடப்பக்கம் திருப்பினால் விமானம் சற்று வலப்பக்கம் வழுக்கும். அப்போது வலது இறக்கையில் காற்று அடியிலிருந்து கொஞ்சம் அதிகமாக முட்டும், இடது இறக்கையில் குறைவாக. வலது இறக்கை எழும்பும். சாய்வு வந்துவிட்டது, திருப்பமும் வந்துவிட்டது. அதாவது அங்கேயும் திருப்பியது சாய்ந்த தூக்குவிசைதான், ரட்டர் தரகர் வேலை பார்த்திருக்கிறது. இறக்கை தட்டையாக இருக்கும் மாடலில் ரட்டரை மட்டும் வைத்துத் திரும்பிப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு செய்தி. நீங்கள் சரிவில் நின்று பார்த்த அதே சிக்கலை, அதே போலச் சரிவில் கிளைடர் விட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் 120 வருடத்துக்கு முன்பே பார்த்துத் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். ரைட் சகோதரர்கள். அவர்களிடம் எய்லரான் இல்லை, இறக்கையையே கயிறு கட்டி முறுக்கினார்கள். 1901-ல் விட்ட கிளைடர் சில நேரம் முறுக்கிய பக்கத்துக்கு எதிராகத் திரும்பியது. 1902-ல் வாலில் நிலையான செங்குத்துப் பலகைகளை வைத்தார்கள், அதுவும் முழுசாகச் சரிவரவில்லை. பிறகு அதை அசையும் ரட்டராக மாற்றி, இறக்கை முறுக்கும் கயிற்றோடு சேர்த்துக் கட்டினார்கள். பூம்பாறைக்காரர் டிரான்ஸ்மிட்டரில் மிக்ஸ் போடச் சொன்னாரே, அதையே அவர்கள் கயிற்றில் செய்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று 12 நொடி பறந்ததைத்தான் எல்லாப் பாடப்புத்தகமும் கொண்டாடுகிறது. என்னைக் கேட்டால் மூன்று அச்சிலும் கட்டுப்பாடு கிடைத்த 1902 கிளைடர்தான் பெரிய சாதனை. எஞ்சின் யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள்.

பூம்பாறை_பூண்டு

டீச்சர், பருந்துக்குச் செங்குத்து வாலே கிடையாதே, அது எப்படிச் சமாளிக்கிறது? கோக்கர்ஸ் வாக் மேலே நின்றால் நம் கண் மட்டத்திலேயே மிதக்கும். வால் விசிறியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு நொடி சும்மா இருக்காது.

டீச்சர்_கூடலூர்

நீங்கள் பார்த்ததுதான் பதில். விசிறியைச் சாய்த்தால் அதன் மேல் வரும் விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போகும், அது ரட்டர் வேலையைச் செய்யும். அதோடு நொடிக்கு நொடி இறக்கையின் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. நம்மிடம் நாலு சர்வோ, அதனிடம் எத்தனை தசை.

மலைக்கு_புதுசு

எல்லாம் சரி, ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். நாம் இருப்பது மலையில். காற்று மெலிசு. கட்டுப்பாட்டுப் பலகைகள் எல்லாம் பாதி செத்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் பறக்கும் மாடலை ஊட்டிக்குக் கொண்டு வந்தால் எய்லரானைப் பெரிதாக வெட்டி வைக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பழைய_ஹேங்கர்

அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

ஊட்டி சுமார் 2240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். கோத்தகிரியில் 84 சதவீதம் போல இருக்கும். இது உண்மை. ஆனால் இறக்கையும் அதே காற்றில்தான் பறக்கிறது. விமானத்தின் எடை மாறவில்லை, ஆகவே இறக்கை அதே தூக்குவிசையைக் கொடுக்க வேண்டும், அதற்கு வேகமாகப் போக வேண்டும். அடர்த்தி 80 சதவீதம் என்றால் வேகம் சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். அந்த வேகத்தில் எதிர்க்காற்று மோதிக் கொடுக்கும் அழுத்தம் பழையபடிதான். இறக்கைக்கும் பழையபடி, எய்லரானுக்கும் பழையபடி. பலகைக்கு உயரம் தெரியாது, தன் மேல் படும் அழுத்தம்தான் தெரியும்.

மலையில் உங்களை ஏமாற்றுவது கண். தரையிலிருந்து பார்க்கும்போது நல்ல வேகத்தில் போவது போலத் தெரியும், உண்மையில் ஸ்டாலுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். கீழே பழகிய கை மேலே வந்து அதே வேகத்தில் வீசிவிட்டால் மூக்கு தொங்கித் தேயிலைச் செடிக்குள் போகும். மோட்டார் மாடல் என்றால் புரொப்பெல்லர் தள்ளும் விசையும் குறைந்திருக்கும். பலகையை வெட்டிப் பெரிதாக்குவதால் இவை எதுவும் சரியாகாது.

டீச்சர்_கூடலூர்

ஹேங்கர் சார் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் "எல்லாம் பழையபடி" என்பதில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். எய்லரான் கொடுத்ததும் விமானம் உருளத் தொடங்குகிறது. அது எவ்வளவு வேகமாக உருளும் என்பதை நிறுத்திவைப்பது எது? இறங்கும் இறக்கையில் தாக்குகோணம் கூடி, ஏறும் இறக்கையில் குறைந்து, அந்த வித்தியாசம் எதிர்ப்புக் கொடுக்கிறது. இந்தக் கோண வித்தியாசம் உருளும் வேகத்தை முன்னே போகும் வேகத்தால் வகுத்ததைப் பொறுத்தது. முன்னே போகும் வேகம் 12 சதவீதம் கூடினால், அதே எய்லரான் அசைவுக்கு உருளும் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். அதாவது ஊட்டியில் செத்துப் போகாது, சற்றே துடிப்பாகத்தான் இருக்கும்!

பழைய_ஹேங்கர்

ஒப்புக்கொள்கிறேன் டீச்சர். என் காலத்தில் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மலைக்கு_புதுசு

சரிங்க, வெட்டவில்லை.

கோத்தகிரி_காற்று

டிஃபரன்ஷியல் போட்டுப் பறக்க விட்டேன். மூக்கு விலகுவது நன்றாகக் குறைந்துவிட்டது. ரொம்ப மெதுவாகப் போகும்போது மட்டும் ரட்டர் கொஞ்சம் தொட வேண்டியிருக்கிறது. பூம்பாறை அண்ணாவுக்கு நன்றி.

புதுசாக ஒன்று. சரிவில் மூக்கைக் கீழே விட்டு வேகம் எடுத்தால் இறக்கையிலிருந்து "ட்ர்ர்ர்" என்று சத்தம் வருகிறது. மேலே இழுத்தால் நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் கூட விசில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டான்.

பழைய_ஹேங்கர்

அதைச் சரிசெய்யும் வரை டைவ் அடிக்காதீர்கள். அது ஃபிளட்டர், எய்லரான் பலகை படபடப்பது.

பலகையின் எடை கீலுக்குப் பின்னால் இருக்கிறது. இறக்கை நுனி மேலே துள்ளினால் பலகை பின்தங்கிக் கீழே தொங்கும். கீழே தொங்கினால் தூக்குவிசை கூடி இறக்கையை இன்னும் துள்ள வைக்கும். திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம். குறைந்த வேகத்தில் காற்றே இதை அடக்கிவிடும். ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வொரு துள்ளலும் காற்றிலிருந்து சக்தியை வாங்கிக்கொண்டு பெரிதாகும். பலகை பிய்ந்து போகக் கண் இமைக்கும் நேரம் போதும்.

பெரிய விமானத்தில் கீலுக்கு முன்னால் எடை வைத்துச் சமன் செய்வார்கள். எலிவேட்டர் நுனியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு போன்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள், அதற்குள் ஈயமோ வேறு கனமான உலோகமோ இருக்கும். ஆரம்ப கால போயிங் 747-களில் வால் பலகைகளின் சமன் எடைக்கு வலுக்குறைந்த யுரேனியமே வைத்திருந்தார்கள், சின்ன இடத்தில் அவ்வளவு எடை வேண்டியிருந்தது. பெயின்ட் அடித்த பிறகு பலகையை மறுபடி சமன் பார்க்காமல் விமானத்தை வெளியே விடமாட்டோம். பெயின்டின் எடையே கணக்கை மாற்றிவிடும்.

பூம்பாறை_பூண்டு

ஃபோம் கிளைடரில் தொண்ணூறு சதவீதம் காரணம் ஆட்டம்தான். பலகையை விரலால் பிடித்து மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், சர்வோ அசையாமல் பலகை மட்டும் எவ்வளவு ஆடுகிறது? 9 கிராம் சர்வோவின் பிளாஸ்டிக் பல்லில் கொஞ்சம், ஹார்ன் (பலகையில் புஷ்ராட் மாட்டும் கொம்பு) துளை புஷ்ராடை விடப் பெரிதாக இருப்பதில் கொஞ்சம், மெல்லிய கம்பி நடுவில் வில்லாக வளைவதில் கொஞ்சம். எல்லாம் சேர்ந்து பலகை ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆகிவிடும்.

சர்வோ கையில் உள்துளை, ஹார்னில் வெளித்துளை. இப்படி மாட்டினால் அசைவு குறையும், பிடி இறுகும், ஆட்டமும் குறையும். அப்புறம் கீலைப் பாருங்கள். நம் ஊர் மூடுபனியில் நனைந்து நனைந்து டேப் கீலின் பசை விட்டுவிடும், வெயிலில் காய்ந்தபோது ஒட்டியிருப்பது போல நடிக்கும். பழைய டேப்பை உரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இறக்கையின் மேல்பக்கம் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக ஒட்டுங்கள். ஒட்டும்போது பலகையை முழுசாகக் கீழே மடித்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் அசைவு இறுகிவிடும். இடைவெளி அடைபடுவதால் இன்னொரு லாபம், அடியிலிருந்து மேலே காற்று ஒழுகாது, எய்லரானும் கூர்மையாக வேலை செய்யும்.

ஜன்னல்_சீட்

இறக்கைக்குப் பின்னால் உட்காருகிறவன் நான். இறங்குவதற்கு முன்னால் பின்பக்கமிருந்து பெரிய பலகைகள் "ங்ங்" என்று நீண்டு இறங்குகின்றன. தரை தொட்டதும் இறக்கையின் முதுகில் வரிசையாகச் சில பலகைகள் படக்கென்று எழுந்து நிற்கின்றன. முதல் தடவை பார்த்தபோது ஏதோ பிய்ந்துவிட்டது என்று நினைத்தேன். இவை எல்லாம் என்ன?

பழைய_ஹேங்கர்

முதலில் நீளுவது ஃபிளாப். இறக்கையின் பரப்பும் வளைவும் கூடும், மெதுவாகப் பறந்தாலும் ஸ்டால் ஆகாது. முன்விளிம்பில் ஸ்லாட் என்று ஒன்றும் சேர்ந்து நீளும். இழுவையும் கூடுவதால் வேகம் எகிறாமல் இறங்கலாம்.

எழுந்து நிற்பது ஸ்பாய்லர். ஏர்பஸ் ஏ320-ல் இறக்கைக்கு ஐந்து. தரை தொட்ட பிறகும் இறக்கை தூக்கிக்கொண்டுதான் இருக்கும், சக்கரத்தில் எடை முழுசாக விழாது, பிரேக் பிடித்தால் வழுக்கும். ஸ்பாய்லர் எழுந்து தூக்குவிசையைக் கொன்றுவிட்டால் எடை சக்கரத்துக்கு இறங்கும், அப்புறம்தான் பிரேக்குக்கு உயிர் வரும். காற்றுத் தடையாக நின்று வேகத்தைக் குறைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அதுவும் உண்டு, ஆனால் முதல் வேலை இதுதான்.

அடுத்த தடவை விமானம் திரும்பும்போது பாருங்கள். சாயும் பக்கத்து இறக்கையில் மட்டும் ஒன்றிரண்டு ஸ்பாய்லர் லேசாக எழும்பும். எய்லரானுக்குத் துணை. இறங்கும் பக்கமே இழுவை வருவதால் அட்வர்ஸ் யாவும் அடங்கும், கோத்தகிரித் தம்பியின் சிக்கலுக்கு அவர்கள் கண்ட இன்னொரு தீர்வு.

டீச்சர்_கூடலூர்

என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள், எலிவேட்டர் மேலே போனால் விமானம் ஏன் மேலே போகிறது, வாலைக் கீழே அல்லவா தள்ளுகிறது என்று. வால் கீழே போனால் மூக்கு மேலே என்று சொல்லி முடித்துவிடலாம். அவள் விடவில்லை. மூக்கு தூக்கினால் போதுமா, மோட்டார் இல்லாத கிளைடர் ஏறிக்கொண்டே இருக்குமா? இருக்காது. எலிவேட்டர் தீர்மானிப்பது தாக்குகோணத்தை, அதன் வழியாக வேகத்தை. இழுத்தால் கொஞ்சம் ஏறும், வேகம் தேயும், இன்னும் இழுத்தால் ஸ்டால். நிலையாக ஏற எஞ்சின் வேண்டும், இல்லையென்றால் சரிவில் ஏறும் காற்று வேண்டும்.

அவளே கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் ஹேங்கர் சார் உதவ வேண்டும். விபத்தில் விழுந்த போயிங் 737 மேக்ஸில் எலிவேட்டரை விமானி முழுசாக இழுத்தும் ஏன் மூக்கு தூக்கவில்லை?

பழைய_ஹேங்கர்

அந்தப் பெண்ணை விமானத் துறைக்கு அனுப்பிவையுங்கள்.

சின்ன விமானத்தில் விமானி ஸ்டிக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்காமல் இருக்க எலிவேட்டரின் ஓரத்தில் டிரிம் டேப் என்று ஒரு குட்டிப் பலகை இருக்கும். அது கீழே மடங்கினால் எலிவேட்டர் மேலே போய் நிற்கும். பெரிய ஜெட் விமானத்தில் இந்த வேலைக்குக் குட்டிப் பலகை கிடையாது. எலிவேட்டர் பொருத்தியிருக்கும் முழு ஸ்டெபிலைசரே (வாலில் கிடையாக இருக்கும் குட்டி இறக்கை) திருகு தண்டு ஒன்றால் சாயும். போயிங் 737-ல் விமானிகளின் முழங்கால் பக்கம் சுழலுமே பெரிய சக்கரம், அது இதற்குத்தான். ஸ்டெபிலைசர் பெரியது, எலிவேட்டர் அதன் பின்விளிம்பு மட்டுமே. ஸ்டெபிலைசர் மூக்கைக் கீழே தள்ளும் பக்கம் முழுசாகப் போய்விட்டால் எலிவேட்டரை எவ்வளவு இழுத்தாலும் ஈடுகட்ட முடியாது.

மேக்ஸில் எம்கேஸ் என்ற மென்பொருள் ஒரே ஒரு தாக்குகோண உணரியை நம்பி ஸ்டெபிலைசரைத் திரும்பத் திரும்ப அப்படித் தள்ளியது. 2018 அக்டோபரில் லயன் ஏர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன். இரண்டிலும் சேர்த்து 346 பேர். எத்தியோப்பியனில் மின்சார டிரிம்மை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தார்கள். அந்த வேகத்தில் ஸ்டெபிலைசர் மேல் இருந்த காற்றின் பாரத்தால் சக்கரம் அசையவில்லை.

ஒரே உணரியை நம்பியதுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாதது. நம் தேஜஸ் போர் விமானத்தைப் பாருங்கள். வால் ஸ்டெபிலைசரே இல்லாத டெல்டா இறக்கை, எலிவேட்டர் வேலையையும் எய்லரான் வேலையையும் எலிவான் என்ற ஒரே பலகைகள் பார்க்கின்றன. வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைத்துச் செய்த விமானம், கணினி இல்லாமல் மனிதனால் ஓட்ட முடியாது. அதனால் கட்டுப்பாட்டு அமைப்பில் நான்கு தனித்தனி வழிகள். ஒன்று உளறினால் மற்றவை வாக்களித்து அதை ஒதுக்கிவிடும். 2001 ஜனவரி 4 அன்று முதலில் பறந்தது.

மலைக்கு_புதுசு

எல்லாப் பலகையும் ஒரேயடியாக வேலை செய்யாமல் போனால்?

பழைய_ஹேங்கர்

போயிருக்கிறது. 1989 ஜூலை 19, யுனைடெட் 232, டிசி-10. வாலில் இருந்த எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்து பலகைகளை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டது. எய்லரான், எலிவேட்டர், ரட்டர் எதுவும் கிடையாது. பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் விமானி ஒருவரும் சேர்ந்து மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் திராட்டிலை மட்டும் ஏற்றி இறக்கிச் சியூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். ஒரு பக்க எஞ்சினைக் கூட்டினால் மூக்கு திரும்பும், மூக்கு திரும்பினால் சாயும். டீச்சர் மேலே சொன்ன அந்தப் பழைய மாடல் தத்துவம்தான். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

சில்வர்ஓக்

விளையாட்டாக இல்லாமல் ஒரு கேள்வி. 2021-ல் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த ஹெலிகாப்டர். எங்கள் ஊர்ப் பக்கம் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் இந்த மாதிரிப் பலகை ஏதாவது கெட்டுப்போனதா?

பழைய_ஹேங்கர்

இல்லை. ஹெலிகாப்டரில் எய்லரான், எலிவேட்டர் என்று எதையும் வைத்து ஓட்டுவதில்லை. மேலே சுழலும் தகடுகளின் கோணத்தையே ஒவ்வொரு சுற்றிலும் மாற்றித்தான் சாய்ப்பதும் திருப்புவதும். அந்த விபத்தை விசாரித்த முப்படைக் குழு இயந்திரக் கோளாறும் நாசவேலையும் இல்லை என்று சொன்னது. வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் போனதில் விமானிக்குத் திசையுணர்வு தப்பி மலையில் மோதியது என்பதுதான் முடிவு. மலையில் மூடுபனி இறங்கும் வேகம் உங்களுக்குத் தெரியாததா.

மட்டுறுத்துநர்

அந்த விபத்தைப் பற்றி மேற்கொண்டு வேண்டாம், இழை திசை மாறிவிடும். சரிவில் பறக்க விடுகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பார்த்துவிட்டு விடுங்கள். வெலிங்டன், அருவங்காடு பக்கம் கிளைடராக இருந்தாலும் வேண்டாம். வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள்.

கோத்தகிரி_காற்று

நாங்கள் விடுவது பட்டா நிலத்துப் புல்சரிவில்தான், உரிமையாளருக்குத் தெரியும். டேப் மாற்றி ஒட்டிவிட்டேன், ஹார்னில் வெளித்துளைக்கு மாற்றிவிட்டேன். விரலால் ஆட்டினால் இப்போது ஆட்டமே தெரியவில்லை. அடுத்த ஞாயிறு காற்று இருந்தால் டைவ் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பூம்பாறை_பூண்டு

முதல் டைவை உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுங்கள். மேட்டுக்குப் பின்பக்கம் மட்டும் போகவிடாதீர்கள், அங்கே காற்று உருண்டு கீழே அமுக்கும், எய்லரானை முழுசாகக் கொடுத்தாலும் கேட்காது.

மலைக்கு_புதுசு

குளிரில் லிப்போ பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மட்டுறுத்துநர்

பேட்டரிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள்.